அப்பாவிடம் கேட்டீர்களா?

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்கு 71 வயது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். இரைப்பையில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இரண்டு விதமான கீமோ கொடுத்தும் கேட்கவில்லை. இனி கீமோ உடம்பைத்தான் வாட்டும், வலியையும் அவதியையும் தணிக்கிற பாலியேட்டிவ் கேருக்கு மாறிக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். பெங்களூரில் இருக்கும் தம்பி, செலவைப் பார்க்காமல் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்கிறான். நிறுத்தச் சொல்லி நான் கையெழுத்துப் போட்டால் நானே அவரைக் கொன்றதுபோல் ஆகாதா? வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். பழக்கமாகிவிடும் என்று பயந்து கொடுக்காமல் வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு விஷயம் தெரியாது, குடல் புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம். என்ன செய்வது?

க.

அன்புள்ள க.,

முதலில் அந்தக் கையெழுத்து. கேட்காத மருந்தை நிறுத்துவது கொலை இல்லை. அப்பாவின் உயிருக்கு உலை வைத்தது நோய். நீங்கள் இல்லை. இந்தப் பாரத்தை இன்றைக்கே இறக்கி வையுங்கள். தம்பிக்கு இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் போய்க் கேட்டு வரட்டும். அதற்காக அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம். பாலியேட்டிவ் கேர் என்றாலே கைகழுவுவது என்று தம்பி நினைத்தால் ஒன்று சொல்லுங்கள். நுரையீரல் புற்று முற்றியவர்களிடம் பாஸ்டனில் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே இந்தப் பராமரிப்பையும் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள், ஏறக்குறைய இரண்டரை மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். எல்லாப் புற்றுக்கும் இதே கணக்கு என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பராமரிப்பு ஆளைக் கைவிடுவதில்லை.

இவ்வளவையும் உங்கள் டாக்டரே சொல்லியிருப்பார். நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் குடல் புண். கொஞ்ச காலமாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது.

என் அத்தைக்குக் கருப்பைவாயில் புற்று. சின்னக் கட்டி, கரண்ட் வைத்தால் கரைந்துவிடும் என்று சொல்லித்தான் தினமும் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் அத்தை கேட்டாள்: “ஏண்டா, அங்க மொட்டைத் தலையோட வரிசையில உக்காந்திருந்தாளுகளே, அவளுகளுக்கும் சின்னக் கட்டிதானா?” நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, “கண்டதையும் யோசிக்காம தூங்கு” என்று அதட்டினார். அத்தை அப்புறம் யாரிடமும் கேட்கவில்லை. பொங்கலுக்கு விளக்குகிற சாக்கில் பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் பரணிலிருந்து இறக்கினாள். ஒவ்வொன்றின் காதிலும் நூல் கட்டி, காலண்டர் தாளைக் கிழித்து மகள்களின் பெயரை எழுதித் தொங்கவிட்டாள். அண்டா மூத்தவளுக்கு, குத்துவிளக்கு சின்னவளுக்கு. வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் அழ வேண்டியதை அடுக்களையில் தனியாக அழுதாள்.

நாம் மறைத்தால் அவர்களுக்குத் தெரியாது என்று யார் சொன்னது? ஒரு தமிழாசிரியருக்கு ஆஸ்பத்திரி வாசலில் எழுதியிருப்பது படிக்கத் தெரியாதா? குடல் புண்ணுக்கு முடி கொட்டுமா என்று அவர் யோசித்திருக்க மாட்டாரா? அநேகமாக அவருக்குத் தெரியும். நீங்கள் உடைந்துவிடக் கூடாதே என்று அவர் நடிக்கிறார், அவர் உடைந்துவிடக் கூடாதே என்று நீங்கள் நடிக்கிறீர்கள். இருக்கிற நாட்களை இப்படியா செலவழிப்பது? இதைப் பாசம் என்று நீங்கள் சொல்வீர்கள். பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாசத்தில் உங்கள் பயத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

கீமோவை நிறுத்துவதா வேண்டாமா என்று நீங்களும் தம்பியும் போனில் சண்டை போடுகிறீர்கள். யாருடைய உடம்பு அது? சுயநினைவோடு இருக்கும் பெரியவர் ஒருவர் தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தானே சொல்லலாம். பின்னால் பேச முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்ததை 2023இல் தளர்த்தி, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றும் ஆக்கிவிட்டார்கள். வெண்டிலேட்டர் வேண்டுமா, ஐ.சி.யூ.வா வீடா, எல்லாவற்றையும் உங்கள் அப்பா தெளிவாகச் சொல்லக்கூடியவர். குடல் புண்காரர் எதை எழுதி வைப்பார்? சட்டம் அவருக்குக் கொடுத்ததை அவருடைய பிள்ளைகளே பிடுங்கி வைத்திருக்கிறீர்கள்.

போட்டு உடைக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “உங்களுக்கு என்னப்பா தோணுது? டாக்டர் சொன்னதுல என்ன புரிஞ்சுது?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். அதுதான் கஷ்டம். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். பொய் மட்டும் வேண்டாம். “எனக்கு ஒன்றும் சொல்லாதே, நீயே பார்த்துக்கொள்” என்று அவர் சொன்னால், சரி, அதுவும் அவர் எடுத்த முடிவு. அப்போது கையெழுத்துப் போடுங்கள், அவர் சொல்லித்தான் போடுகிறீர்கள். தம்பியும் அன்றைக்கு நேரில் இருக்கட்டும்.

மார்ஃபினுக்கு மட்டும் இந்தப் பேச்சு முடியும்வரை காத்திருக்காதீர்கள். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இந்த மாத்திரை கிடைக்காமல் நம் நாட்டில் கணக்கில்லாத நோயாளிகள் துடித்திருக்கிறார்கள். அதைத் திருத்த 2014 வரை ஆயிற்று. டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பாலியேட்டிவ் கேர் வேலை இல்லாவிட்டால் அதுவும் நடந்திருக்காது. அப்படி வந்து சேர்ந்த மாத்திரையை நீங்கள் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, அப்பா ராத்திரி முனகுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது போதைப் பழக்கமாவது அபூர்வம். ஆயுளையும் குறைக்காது. வலி வந்த பிறகு தேடாமல், எழுதிக் கொடுத்த நேரப்படி கொடுங்கள். சாதாரண மாத்திரை என்றால் பெரும்பாலும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை இருக்கும். மலம் இறுகும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். முதல் சில நாட்கள் தூக்கம் வரலாம், குமட்டலாம், பயப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் வேண்டுமென்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள், பாலியேட்டிவ் கேரும் அதில் உண்டு. நாளைக் காலையில் முதல் வேலையாக டாக்டருக்குப் போன் செய்து, இத்தனை நாள் கொடுக்கவில்லை, எந்த அளவில் தொடங்குவது என்று கேட்டு, நாளைக்கே தொடங்குங்கள்.