சாயப்பட்டறையில் கெமிக்கல் கொட்டினால்: கேள்வி பதில்

பட்டறைகளில் பாதுகாப்பு வேலை பார்க்கிறவன் என்பதால் கெமிக்கல் கொட்டுவதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அண்ணே, ஹைட்ரோஸ் டிரம் சாய்ந்து தரையெல்லாம் தூள். தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாங்க. ஹைட்ரோஸ் என்கிற சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் தூள் கொஞ்சம் ஈரம் பட்டாலே தானாகச் சூடேறிப் புகையும், பற்றியும் எரியும். அதில் வருவது கந்தக டை ஆக்சைடு, மூச்சை அடைக்கும். மாஸ்க், கண்ணாடி, கையுறை போட்டு, தீப்பொறி வராத காய்ந்த முறத்தால் அள்ளி வேறொரு காய்ந்த டிரம்மில் போட்டு, வெளியே மழை படாத இடத்தில் தனியாக வையுங்கள். பழைய டிரம்மில் திருப்பிக் கொட்டாதீர்கள். ஏற்கெனவே புகைகிறதென்றால் அள்ளவே போகாதீர்கள், எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 101க்கு அடித்து, என்ன கெமிக்கல், எத்தனை கிலோ என்று சொல்லுங்கள்.

கேள்வி: பெராக்சைடு கொட்டினால் மரத்தூள் போடச் சொல்கிறார் எங்கள் சூப்பர்வைசர். சரிதானே?

பதில்: ஆயிலுக்குப் போடுகிற பழக்கம் அது. 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் மரத்தூள், சாக்கு, வேஸ்ட் துணி எது ஊறினாலும் கொஞ்ச நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும், அதற்குள் ஆளெல்லாம் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இதற்குத் தண்ணீர்தான், தாராளமாக, ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) பக்கம் போகிற மாதிரி. ஹைட்ரோஸுக்குச் சொன்னதற்கு நேர் எதிர், பாருங்கள். என்ன கொட்டியது என்று தெரியாமல் எதையும் ஊற்றக் கூடாது என்று நான் கத்துவது இதனால்தான். அப்புறம், காசு போகிறதே என்று வழித்துக் கேனில் ஊற்றி மூடியை இறுக்குகிறார்கள். அழுக்கு கலந்த பெராக்சைடு ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும், கேன் வெடிக்கும்.

கேள்வி: காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் அசிட்டிக் ஆசிடைக் கலக்கிக் கழுவலாமா சார்?

பதில்: கூடாது. வெறும் தண்ணீர், இமையை விரித்துப் பிடித்து 15 நிமிடத்துக்குக் குறையாமல். எரிச்சல் நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

கேள்வி: ப்ளீச்சிங் ஹைப்போவும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஆசிடும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டால்?

பதில்: குளோரின் கிளம்பும். ஓடுங்கள். காற்றைப்போல இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும். அதனால் காற்று வருகிற திசையில், மேடான பக்கமாக. முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு வால்வை மூட உள்ளே போகிற வீரம் வேண்டாம்.

கேள்வி: எங்கள் டிரம்மில் லேபிளே கிழிந்துவிட்டது, எதைப் பார்ப்பது?

பதில்: சப்ளையரிடம் எஸ்டிஎஸ் (அந்தக் கெமிக்கலின் பாதுகாப்புத் தகவல் தாள்) கேளுங்கள். 16 பகுதி இருக்கும்; முதலுதவி 4, கொட்டினால் செய்ய வேண்டியது 6, போட வேண்டிய கவசம் 8. இந்த மூன்றையும் தமிழிலும், வடமாநிலப் பையன்கள் இருந்தால் இந்தியிலும் எழுதி டிரம் பக்கத்துச் சுவரிலேயே ஒட்டுங்கள், ஆபீஸ் ஃபைலில் இருந்து பிரயோஜனமில்லை.