தெருவில் வசிப்பவர்களுக்குக் கிறிஸ்தவர்கள் பணம் கொடுக்கலாமா? அதை வாங்கிக் குடித்துவிட மாட்டார்களா?

கொடுக்கலாம். குடிப்பாரோ என்ற சந்தேகத்துக்காகக் கையை மடக்கிக்கொள்ள வேண்டாம்.

இந்தச் சந்தேகம் இன்று பிறந்ததன்று. நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் மறையுரை ஆற்றிய புனித யோவான் கிறிசோஸ்தோம், வாசலில் கிடந்த ஏழை இலாசரைக் கண்டுகொள்ளாத செல்வரைப் பற்றி இயேசு சொன்ன உவமையை விளக்கும்போது, ஏழையின் தகுதியை விசாரித்துக்கொண்டிருந்தவர்களைக் கண்டித்தார். கப்பல் உடைந்து கரை சேருகிறவர்களை நல்லவரா கெட்டவரா என்று பார்க்காமல் துறைமுகம் ஏற்றுக்கொள்கிறது. கொடுப்பவரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். 2017-இல், வீடற்றவர்கள் தெருவில் விற்கும் மிலான் நகரப் பத்திரிகை ஒன்று இதே கேள்வியை அப்போதைய திருத்தந்தை (போப்) பிரான்சிஸிடம் கேட்டது. உதவுவது எப்போதும் சரியே, ஒரு கிண்ணம் திராட்சை மதுதான் அவருடைய ஒரே மகிழ்ச்சி என்றால் அதுவும் இருக்கட்டும் என்றார் அவர். ஆனால் முகத்தைப் பார்க்காமல் காசை வீசிவிட்டுப் போவதை அவர் ஏற்கவில்லை. எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் முக்கியமாகப் படுகிறது.

நான் சென்னையில் எங்கள் பங்கின், அதாவது எங்கள் பகுதிக் கத்தோலிக்க ஆலயச் சமூகத்தின், வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறேன். 1833-இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் ஏழைகளுக்கு உதவத் தொடங்கிய சபை இது. உதவி தேவைப்படுகிறவரை நம்மிடம் வரவழைக்காமல், அவர் இருக்கும் இடத்துக்கு இருவராகப் போய்ச் சந்திப்பது எங்கள் வழக்கம். அப்படிப் போனால்தான் சில விஷயங்கள் தெரிகின்றன. வால்டாக்ஸ் சாலையிலும் பாரிமுனையைச் சுற்றியும் தலைமுறைகளாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், மூட்டை சுமக்கிறார்கள், பூக் கட்டி விற்கிறார்கள். வீடு இல்லையே தவிர வேலை இருக்கிறது. பிச்சைக்காரர்களிடம் பேசுவதுபோல் பேசினால் கோபப்படுகிறார்கள். அது நியாயமான கோபம்.

அவர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? பெரும்பாலும் சோற்றுப் பொட்டலம். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரே நடைபாதைக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பிரியாணி வண்டிகள் வருகின்றன. பிப்ரவரியில் ஒருவரையும் காணோம். பசிக்குச் சோறு கொடுப்பதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே இருக்கிற பெண்களிடம் எது கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். கழிப்பறை, குளிக்க ஒரு மறைவு, மாதவிடாய் நாட்களில் துணி மாற்ற ஓர் இடம் என்றுதான் பதில் வரும். இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறவர்கள் அவர்கள்.

ரோமில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். திருத்தந்தையின் தர்மப் பணிகளைக் கவனித்துவந்த பேராயர் கொன்ராட் கிராயெவ்ஸ்கி, தெருவில் வசித்த ஒருவரைப் பிறந்தநாள் விருந்துக்கு உணவகத்துக்கு அழைத்தார். என் மேல் நாற்றம் அடிக்கிறது, நான் வரமாட்டேன் என்றார் அந்த மனிதர். பிறகு பேச்சுவாக்கில், ரோமில் யாரும் பட்டினியால் சாவதில்லை, ரொட்டி எளிதாகக் கிடைத்துவிடுகிறது, குளிக்கத்தான் இடம் இல்லை என்றும் சொன்னார். 2015-இல் புனித பேதுரு சதுக்கத்தின் தூண் வரிசையை ஒட்டிய கழிப்பறைகளில் அவர்களுக்காகக் குளியலறைகள் திறக்கப்பட்டன. வாரம் ஒருநாள் முடிதிருத்துநர்களும் வந்தார்கள். உலகத்திலேயே பெரிய ஆலயத்தின் வாசலில் இது நடந்தது என்றால், நம் ஆலய வளாகத்துக் கழிப்பறைகளைத் திருப்பலி முடிந்த கையோடு பூட்டிவிடுவதற்கு நாம் என்ன காரணம் சொல்ல முடியும்?

அரசு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது உண்மை. சென்னை மாநகராட்சிக்கும் காப்பகங்கள் இருக்கின்றன. தனியாக இருக்கும் முதியவருக்கு அவை பெரிய உதவி. ஆனால் பல காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இயங்குகின்றன. கணவனும் மனைவியும் பிள்ளைகளும் பிரிந்து போய்ப் படுக்க மாட்டார்கள். அதிகாலையில் மூட்டை இறக்கும் வேலை பக்கத்தில் இருக்கும்போது தொலைவில் போய்த் தூங்கவும் முடியாது. பிடிவாதத்தால் நடைபாதையில் கிடக்கிறார்கள் என்று நினைப்பது தவறு.

பணத்தைவிடக் கூடுதலாகக் கேட்கப்படுவது நம்முடைய நேரம். பூ விற்கும் ஒரு பாட்டி எங்களிடம் ஒருமுறை கேட்டது, கண் அறுவைக்குத் தன்னோடு மருத்துவமனைக்கு வர ஒரு ஆள். கூட யாரும் இல்லாததால் முந்தைய முறை திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இன்னொருவர் மழையில் நனைந்து போன ஆதாரை மறுபடி எடுக்கத் துணை கேட்டார். முகவரி இல்லாதவருக்கு ரேஷன் அட்டையோ முதியோர் ஓய்வூதியமோ வாங்குவது எத்தனை அலைச்சல் என்பதைக் கூடப் போனால்தான் உணர முடியும்.

இரண்டு விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பொட்டலத்தோடு மதப் பிரச்சாரத் துண்டுப்பிரசுரம் வைக்கக் கூடாது. இயேசுவின் உவமையில் உதவிய நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனிடம் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. வாங்குகிறவரின் முகத்தைப் படம் எடுக்கவும் கூடாது.

மழைக்கால இரவுகளில் பங்கு மண்டபத்தைக் குடும்பங்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று எங்கள் பங்குப் பேரவையில் கேட்டிருக்கிறோம். இரவுக் காவல், தண்ணீர்ச் செலவு, காலையில் சுத்தம் செய்வது என்று பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் பங்கிலோ சபையிலோ ஏற்கெனவே இதைச் செய்கிறீர்கள் என்றால், எப்படி நடத்துகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் எடுத்துச் சொல்ல எங்களுக்கு உதவும்.