என்எம்எம்எஸ் தேர்வின் எண் தொடர், சொல் ஒப்புமைக் கேள்விகளுக்கு வீட்டிலேயே எப்படிப் பயிற்சி கொடுப்பது?

எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு இது. இந்தக் கேள்விகள் வரும் மனத்திறன் தாளில் 90 கேள்விகள், 90 நிமிடம். தேறித் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை, அதனால் கவனமாகவே தயார் செய்யுங்கள்.

எண் தொடரில் முதலில் வித்தியாசத்தை எழுதச் சொல்லுங்கள். 2, 6, 12, 20, 30 என்றால் வித்தியாசம் 4, 6, 8, 10. அடுத்தது 12, ஆகவே விடை 42. இதையே 1×2, 2×3, 3×4 என்றும் பார்க்கலாம். ஒரே கணக்கை இரண்டு வழியில் பார்க்கும் பிள்ளைக்குத் தேர்வில் பதற்றம் வராது. பத்துக் கணக்கை அவசரமாக முடிப்பதைவிட இது மேல் என்பேன். 20 வரை வர்க்கமும் 10 வரை கனமும் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

சொல் ஒப்புமையில் உறவை ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல வையுங்கள். 'தச்சர் : உளி, உழவர் : ?' என்ற கேள்விக்கு வயல், நெல், ஏர் மூன்றும் விடைத் தெரிவுகளாகக் கொடுக்கப்பட்டிருந்தால், 'தொடர்பு உண்டு' என்று மட்டும் நினைக்கும் பிள்ளை தடுமாறும். 'தச்சர் உளியைக் கருவியாகக் கொண்டு வேலை செய்வார்' என்று சொன்னால் ஏர் மட்டுமே பொருந்தும்.

தவறான விடைகளுக்குத் தனி நோட்டு போடுங்கள். பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதுவதைக் கடைசி மாதத்தில் தொடங்கினால் போதும்.