கேள்வி–பதில்: தொகையறா தெரிந்தவருக்கு

கேள்வி: எனக்கு இங்கிலீசு அரைகுறை. மருமகள் எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடிய பழைய அமெரிக்கப் பாட்டுகளைப் போட்டபடியே சமைக்கிறா. நானும் ரசிக்க எங்கே தொடங்க வேண்டும்? – வாசகி, கல்லடி

பதில்: அக்கா, சொல் விளங்காவிட்டாலும் பரவாயில்லை, தொகையறா தெரியும்தானே? அந்தப் பாட்டுகளில் பலதுக்கும் அப்படியொரு முன்பகுதி உண்டு. தாளம் தளர்ந்து, பேசுவதுபோல வரும். பலர் அதை விட்டுவிட்டு நேரே பல்லவிக்குப் பாய்வார்கள். எலா பல இடங்களில் நிதானமாகப் பாடிவிட்டுத்தான் உள்ளே போவா.

பாட்டெழுதி இசையமைத்த கோல் போர்ட்டரின் பாட்டுகளை எலா பாடி 1956இல் வந்த தொகுப்பை முதலில் எடுங்கள். 32 பாட்டுகள். ஒவ்வொரு எழுத்தும் பாத்திரத்தில் விழும் அரிசிபோலத் தனித்தனியாகக் கேட்கும். 1964 வரை இப்படி எட்டுத் தொகுப்புகள். 1959இன் கெர்ஷ்வின் சகோதரர்களின் பாட்டுத் தொகுப்பு மட்டும் ஐந்து இசைத்தட்டு. அது ஒரே இருப்பில் கேட்கும் சாமானில்லை!

புளியந்தீவில் பறங்கியர் வீடொன்றின் விறாந்தையில்தான் நான் முதன்முதல் எலாவைக் கேட்டேன். பைலா ஆட்டப்பாட்டுக்குக் காத்திருந்த எனக்குச் சப்பென்று போனது உண்மை. என்னை மாற்றியது 1960 பெர்லின் கச்சேரி. ஜெர்மன் நாடகமொன்றுக்காகக் குர்ட் வைல் 1928இல் இசையமைத்த 'மேக் த நைஃப்'. நடுவில் எலாவுக்கு வரிகள் மறந்துபோகின்றன. நிறுத்தவில்லை, மறந்ததையே பாட்டாக்கி, ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் கரகரத்த குரலிலும் பாடிக் காட்டுறா. மருமகளிடம் அதைப் போடச் சொல்லுங்கள், அடுப்பை அணைத்துவிட்டு.