கரண்ட் போனா கதவு திறக்கணுமா, பூட்டியே இருக்கணுமா? வாசகர் கேள்வி பதில்

ஆபீஸ், கடை, கம்பெனி கதவுகளுக்குப் போடற எலக்ட்ரானிக் லாக் பத்தி வந்த கேள்விகள்ல சிலதுக்கு இந்த இதழ்ல பதில். ஒரே மாதிரி கேட்டிருந்ததை ஒண்ணா சேர்த்துட்டோம்.

கேள்வி: சார் வணக்கம். எங்களோடது மூணு மாடி எக்ஸ்போர்ட் ஆபீஸ். எல்லா கதவுக்கும் கார்டு காட்டித் திறக்கற மேக்னெட் லாக் போடலாம்னு கொட்டேஷன் வாங்கினோம், ஆனா கரண்ட் போனா அந்த லாக் தானா விட்டுடும்ங்கறாங்க. அப்போ திருடன் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு உள்ள வந்துட மாட்டானா? கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கற லாக் எது, அதையே எல்லா கதவுக்கும் போட்டுடலாமா?
– ஆபீஸ் பொறுப்பாளர், திருப்பூர்

பதில்: எல்லா கதவுக்கும் ஒரே லாக்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. ஒவ்வொரு கதவு முன்னாடியும் நின்னு, தீ பிடிச்சா இந்தக் கதவு வழியா எத்தனை பேர் வெளிய ஓடுவாங்கன்னு முதல்ல பாருங்க, லாக்கை அதுக்கப்புறம் பேசலாம்.

மேக்னெட் லாக்ங்கறது கரண்ட் ஓடற வரைக்கும்தான் பிடிக்கும், கரண்ட் நின்ன நொடியே விட்டுடும், அதுல வேற வழியே கிடையாது, இதை ஃபெயில் சேஃப்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு ஸ்ட்ரைக் லாக், இது கதவு நிலையில பூட்டோட நாக்கு போய் விழற இடத்துல உட்காரும். அதுல ஃபெயில் செக்யூர் வகை வாங்கினா கரண்ட் போனாலும் வெளிய இருந்து திறக்காது, ஆனா உள்ள இருக்கறவர் கைப்பிடியை அமுக்கினா கரண்டே இல்லாம சாதாரண கதவு மாதிரி திறந்துடும். நெறைய பேருக்கு இந்த இடத்துலதான் குழப்பம் வருது. பூட்டியே இருக்கும்னு சொல்றது வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான், உள்பக்கம் எந்த நேரத்துலயும் திறந்தாகணும். வெளியேறும் கதவு உள்ள இருந்து சாவி இல்லாம திறக்கற மாதிரி இருக்கணும்னு தேசிய கட்டிட விதித்தொகுப்பு 2016லயும் தெளிவா இருக்கு.

அதனால சர்வர் ரூம், அக்கவுண்ட்ஸ் ரூம் மாதிரி ரெண்டு மூணு பேர் மட்டும் புழங்கற இடத்துக்கு ஸ்ட்ரைக் லாக்கும் நல்ல கைப்பிடியும் போடுங்க, மாடிப்படி கதவு, மெயின் என்ட்ரன்ஸுக்கு மேக்னெட் போடுங்க.

மெயின் ஸ்விட்ச் பயத்துக்கு வருவோம். லாக்கோட பவர் சப்ளை பாக்ஸ்லயே ஒரு 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் (ஏஹெச்) பேட்டரி வைக்கலாம். 600 பவுண்டு இழுவையைத் தாங்கற மேக்னெட் 12 வோல்ட்ல சுமார் அரை ஆம்பியர் இழுக்கும், கார்டைப் படிக்கற ரீடர், திறக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற கண்ட்ரோலர் எல்லாம் சேர்த்து 0.8 ஆம்பியர்னு வைங்க, கணக்குப்படி எட்டு மணி நேரத்துக்கு மேல வரணும். ஆனா பேட்டரி பழசாக ஆக அவ்வளவு வராது, அஞ்சு மணி நேரம்னு நம்பி இருங்க, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை மாத்திடுங்க, பாக்ஸ் உள்பக்கம் பூட்டி இருக்கட்டும். ராத்திரி ஆபீஸ் மூடினப்புறம் காவலுக்கு மேக்னெட்டை நம்பாதீங்க, உள்ள யாருமே இல்லன்னு பாத்துட்டு ஷட்டரை இறக்கி சாவிப்பூட்டு போடுங்க.

இன்னொண்ணு, கொட்டேஷன்ல பச்சை கலர் எமர்ஜென்சி பாக்ஸ் ஒவ்வொரு மேக்னெட் கதவுக்கும் இருக்கான்னு பாருங்க. எக்ஸிட் பட்டன் இருக்கே போதாதான்னு கேப்பாங்க. போதாது, பட்டன் கண்ட்ரோலர்கிட்ட திறக்கச் சொல்லிக் கேக்கும், கண்ட்ரோலர் ஹேங் ஆகி நின்னா அந்த பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் ஒண்ணும் நடக்காது. பச்சை பாக்ஸ் யாரையும் கேக்காது, லாக்குக்குப் போற வயரையே நேரா கட் பண்ணிடும். ஃபயர் அலாரம் அடிச்சா வர்ற இணைப்பும் அதே மாதிரி லாக் சப்ளையை நேரா கட் பண்ணணும், சாஃப்ட்வேர் வழியா பண்ணித் தரோம்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

கேள்வி: எங்க ஸ்கேன் சென்டர்ல போட்ட 600 பவுண்டு மேக்னெட் லாக் கொஞ்சம் பலமா இழுத்தாலே விட்டுடுது. லாக் போயிடுச்சுன்னு டெக்னீஷியன் புதுசு போட்டார், அதுவும் அப்படியேதான் இருக்கு. கம்பெனி சரியில்லையா?
– மேனேஜர், கும்பகோணம்

பதில்: ரெண்டு லாக்கும் ஒரே மாதிரி விடுதுன்னா லாக்கை விட்டுட்டு கதவுல இருக்கற இரும்புத் தகட்டைப் பாருங்க. 600 பவுண்டுன்னா 270 கிலோ சொச்சம், ஒரு ஆள் கையால இழுத்து வர்ற விஷயமே இல்ல.

கதவைத் திறந்து வெச்சுட்டு அந்தத் தகட்டை விரலால அமுக்கி ஆட்டிப் பாருங்க. லேசா ஆடணும். அது நடுவுல ஒரே ஒரு போல்ட்ல தொங்கும், பின்னாடி ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், ரெண்டு பக்கமும் ரெண்டு சின்ன பின் அது சுத்தாம பாத்துக்கும். கதவு எவ்வளவு சரியா மூடினாலும் ஒரு மயிரிழை சாய்வு இருக்கத்தான் செய்யும், தகடு ஆடுனாத்தான் அந்தச் சாய்வுக்கு ஏத்த மாதிரி திரும்பி மேக்னெட் முகத்தோட முழுசா ஒட்டும். ஆடுதேன்னு சிலர் நல்லா முறுக்கி டைட் வெச்சுடுவாங்க, சிலர் ரப்பரையே போடாம விட்டுடுவாங்க, அப்புறம் தகடு ஒரு ஓரத்துல மட்டும்தான் தொடும். நடுவுல பேப்பர் கனத்துக்கு இடைவெளி இருந்தாலே பிடி பெரும்பாலும் போயிடும். பெயிண்ட் தெறிச்சது, ஸ்டிக்கர், கதவு மூடும்போது சத்தம் வருதுன்னு ஒட்டின டேப், இதெல்லாமும் இடைவெளிதான், துடைச்சு எடுங்க.

தகடு சரியா இருக்குன்னா அடுத்து வயர். கதவு பூட்டி இருக்கும்போது லாக்கோட டெர்மினல்லயே மல்டிமீட்டர் வெச்சு வோல்டேஜ் பாக்கச் சொல்லுங்க, பவர் சப்ளைல பாத்துட்டு 12 இருக்குன்னு சொன்னா அது கணக்குல வராது. நெட்வொர்க் கேபிள்ல ஒரு ஜோடியை எடுத்து 30 மீட்டர் தூரம் இழுத்து லாக்குக்குக் குடுத்திருந்தா வழியிலயே ரெண்டு வோல்ட் காணாம போயிடும், பிடியும் நல்லாவே குறையும். லாக்குக்குன்னு ஒரு சதுர மில்லிமீட்டர் வயர் தனியா இழுங்க, இல்லன்னா 24 வோல்ட் லாக்கா மாத்துங்க, கரண்ட் பாதியாயிடும். அப்படியே லாக்குக்குக் குறுக்க ஒரு டயோடு (கரண்டை ஒரே திசையில மட்டும் விடற சின்ன பார்ட்) இருக்கான்னும் கேளுங்க, அது இல்லன்னா ஒவ்வொரு தடவை கட் ஆகும்போதும் காயில்லேர்ந்து திரும்பி வர்ற வோல்டேஜ் கண்ட்ரோலரோட ரிலேவை, அதாவது லாக்குக்குப் போற கரண்டை ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்சை, கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும்.

கேள்வி: சாவி போடற கடையில எங்க ஆபீஸ் ஆக்சஸ் கார்டைக் குடுத்தா ரெண்டு நிமிஷத்துல இன்னொண்ணு போட்டுத் தராங்கன்னு ஸ்டாஃப் ஒருத்தர் சொன்னார், உண்மையா? உண்மைன்னா 300 பேருக்கும் கார்டை மாத்தணுமா?
– அட்மின், ஐடி கம்பெனி, சென்னை

பதில்: உண்மைதான். உங்க கார்டு பின்னாடி பத்து இலக்க நம்பரும் பக்கத்துலயே கமா போட்டு மூணு இலக்கம், அஞ்சு இலக்கமா ஒரு நம்பரும் அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. இருந்தா அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு. அதுல ரகசியம்னு ஒண்ணுமே கிடையாது, ரீடர் பக்கத்துல போனா தன் நம்பரைச் சொல்லும், யார் ரீடர் காட்டினாலும் சொல்லும். நிறைய இடத்துல கண்ட்ரோலருக்குப் போறது அந்த அச்சடிச்ச நம்பர்தான், அதனால கார்டைத் திருடக்கூட வேண்டாம், நம்பரை போட்டோ எடுத்தா போதும். புது வேலை கிடைச்ச சந்தோஷத்துல கார்டோட போட்டோ போடற பசங்ககிட்ட இதை அன்பா சொல்லி வைங்க.

அதுக்கு அடுத்த தலைமுறை 13.56 மெகாஹெர்ட்ஸ் மைஃபேர் கிளாசிக். இதுல கார்டுக்குள்ள இருக்கற தகவலைக் காக்கற ரகசியப் பூட்டு இருந்துச்சு, ஆனா 2008ல நெதர்லாந்து ராட்பவுட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பூட்டை உடைச்சுக் காட்டிட்டாங்க, தயாரிச்ச கம்பெனி கட்டுரையை வெளியிடக்கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போச்சு, கோர்ட் தடை குடுக்கல. அப்புறமும் அந்தக் கார்டு இன்னிக்கு வரைக்கும் விக்குது. 2024ல சாஃப்லாக்ங்கற ஹோட்டல் பூட்டுகளைப் போலி கார்டால திறக்க முடியும்னு வெளிய வந்துச்சே, உலகம் பூரா 30 லட்சம் கதவுக்கு மேல, அதுவும் பெரும்பாலும் இந்தக் கார்டை நம்பினதுதான்.

இப்போ வாங்கறதுன்னா டெஸ்ஃபயர் ஈவி2, ஈவி3 வகைக் கார்டு வாங்குங்க. ஆனா ஒரு விஷயத்துல உஷாரா இருங்க, விலை அதிகமான டெஸ்ஃபயர் கார்டை வாங்கிட்டு ரீடரை வெறும் சீரியல் நம்பர் படிக்கற மாதிரி செட் பண்ணிட்டுப் போற ஆளுங்க இருக்காங்க, அப்படின்னா உள்ள இருக்கற பாதுகாப்பு எதுவுமே வேலை செய்யாது, குடுத்த காசு வீண். கார்டுல ரகசியச் சாவி ஏத்தி என்கிரிப்ஷனோட, அதாவது தகவலைப் பூட்டி அனுப்பற முறைல படிக்கறீங்களான்னு எழுத்துல வாங்குங்க. ரீடர்லேர்ந்து கண்ட்ரோலருக்குப் போற வயர் பழைய வீகாண்ட் முறைன்னா அதுவும் திறந்த புத்தகம்தான், ஓஎஸ்டிபிங்கற புது முறைல செக்யூர் சேனலை (என்கிரிப்ஷனோட பேசற வசதியை) ஆன் பண்ணினா அந்த வழியும் அடைபடும்.

300 பேருக்கும் ஒரே நாள்ல மாத்த வேண்டாம். ரெண்டு வகையும் படிக்கற ரீடர் வருது, அதைப் போட்டுட்டு சர்வர் ரூம், பின்வாசல்லேர்ந்து ஆரம்பிங்க. எல்லாருக்கும் புது கார்டு குடுத்து முடிச்ச அன்னிக்கே பழைய வகையை ரீடர்ல ஆஃப் பண்ணுங்க, இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க.

கேள்வி: எங்க லேத் பட்டறைல பயோமெட்ரிக் மெஷின் வெச்சிருக்கோம், பாதி பேருக்கு கைரேகை படிக்க மாட்டேங்குது. போன வாரம் யாரோ அந்த மெஷினையே சுவத்துலேர்ந்து பேத்து, வயரை முறுக்கிக் கதவைத் திறந்திருக்காங்க. இது எப்படி முடியும்?
– பட்டறை உரிமையாளர், ஓசூர்

பதில்: ரெண்டாவதை முதல்ல சொல்றேன், அதுதான் அவசரம். உங்க மெஷின்ல லாக்கைத் திறக்கற ரிலே அந்த மெஷினுக்குள்ளயே இருக்கு, மெஷின் வெளிச்சுவத்துல இருக்கு, அப்போ லாக்கோட வயரும் வெளிய நிக்கறவன் கைக்கு வந்துடுது. எக்ஸிட் பட்டனுக்குப் போற ரெண்டு வயரும் அங்கதான் இருக்கும், அதை ஒண்ணோட ஒண்ணு தொட வெச்சாலே உள்ள இருந்து யாரோ பட்டன் அமுக்கினதா நெனச்சு கதவு திறந்துடும், விரலும் வேண்டாம் கார்டும் வேண்டாம். ரிலே உள்பக்கம் இருக்கணும். செக்யூர் ரிலே பாக்ஸ்னு சின்னதா தனியா கிடைக்கும், உங்க மெஷினுக்குப் பொருந்துமான்னு கேட்டுட்டு உள்ள மாட்டுங்க. லாக் வயர், பட்டன் வயர் ரெண்டையும் அங்க மாத்திட்டா வெளிய வெறும் சிக்னல் வயர் மட்டும்தான் இருக்கும்.

கைரேகைக்கு உங்க ஆளுங்க மேல தப்பில்ல. வருஷக்கணக்கா இரும்பும் எண்ணெயும் புழங்கற கையில ரேகை தேஞ்சுதான் போயிருக்கும், அவங்களை தினமும் மெஷின் முன்னாடி நிக்க வெச்சு விரலைத் துடைக்கச் சொல்லித் திட்டறது நியாயமில்ல. அவங்களுக்குக் கார்டு குடுத்துடுங்க. விரல்ரேகை, முகம் எல்லாம் 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வர்ற விஷயம்ங்கறதையும் ஞாபகம் வைங்க, வேலைய விட்டுப் போனவங்களோட ரேகையை மெஷின்லேர்ந்து அழிச்சிடுங்க.

கேள்வி: கிளவுட்ல ஓடற ஆக்சஸ் சிஸ்டம் வாங்கலாமா? நெட் போனா கதவு திறக்குமா?
– மதுரை வாசகர்

பதில்: வாங்கலாம், ஆனா கார்டு லிஸ்ட் கதவுப் பக்கத்துல இருக்கற கண்ட்ரோலர்லயே பதிவாகி இருக்கணும். 2021 அக்டோபர் 4ஆம் தேதி பேஸ்புக் உலகம் பூரா படுத்துச்சே, அன்னிக்கு அவங்க ஊழியர்களோட பேட்ஜே வேலை செய்யாம ஆபீஸுக்குள்ள போக முடியலன்னு செய்தி வந்துச்சு. டெமோ காட்ட வர்றவர் முன்னாடி நெட் கேபிளைப் பிடுங்கிட்டு ஒரு கார்டைக் காட்டிப் பாருங்க, பதில் அங்கயே தெரிஞ்சிடும்.

கேள்வி: ஐயா, நான் ஒரு தையல் யூனிட்ல வேலை பாக்கறேன். எங்க ஃப்ளோர்ல உள்ள வரவும் கார்டு, வெளிய போகவும் கார்டு. சாப்பாட்டு நேரம் தவிர வெளிய போற கார்டு வேலை செய்யாதபடி வெச்சிருக்காங்க, பாத்ரூம் போகணும்னாலும் சூப்பர்வைசர் வந்து திறக்கணும். துணி திருட்டுப் போகுதுன்னு காரணம் சொல்றாங்க. எக்ஸிட் பட்டனும் கிடையாது. இது சரியா?
– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: சரியில்லம்மா. கொஞ்சம்கூட சரியில்ல. வெளிய போகும்போதும் கார்டு காட்டச் சொல்றது தப்பில்ல, யார் எப்போ போனாங்கன்னு பதிவு வேணும்னு நிர்வாகம் நெனைக்கலாம். ஆனா உள்ள ஆள் இருக்கும்போது அவங்களால தானா திறக்க முடியாத கதவுங்கறது எந்தக் காரணத்துக்காகவும் இருக்கக் கூடாது.

1911 மார்ச் 25ஆம் தேதி நியூயார்க்ல ட்ரையாங்கிள்ங்கற ஒரு தையல் கம்பெனியில தீ பிடிச்சுது. ஒன்பதாவது மாடியில ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டி இருந்துச்சு, அங்கயும் திருட்டைத் தடுக்கறதுக்குன்னுதான் பூட்டினாங்க. 146 பேர் செத்துப் போனாங்க, பெரும்பாலும் உங்கள மாதிரி தையல் மெஷின்ல உக்காந்திருந்த சின்ன வயசுப் பொண்ணுங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, அன்னிக்கு சாவி, இன்னிக்கு கார்டு, அவ்வளவுதான் வித்தியாசம். துணி திருட்டுக்கு கேட்ல செக்கிங் இருக்கு, கேமரா இருக்கு, ஸ்டாக் கணக்கு இருக்கு, அதுக்காக உயிரைப் பணயம் வைக்க நிர்வாகத்துக்கு உரிமை கிடையாது.

நாளைக்குப் போனதும் உங்க ஃப்ளோர்ல எத்தனை வழி இருக்குன்னு பாருங்க, ஒவ்வொரு கதவுப் பக்கத்துலயும் உடைச்சோ அமுக்கியோ திறக்கற பச்சை பாக்ஸ் இருக்கா, மாடிப்படி கதவுல சங்கிலி, பூட்டு ஏதாவது தொங்குதான்னு பாருங்க. நாலஞ்சு பேர் சேர்ந்து நிர்வாகத்துகிட்ட எழுத்துல குடுங்க, யூனியன் இருந்தா அவங்க வழியா குடுங்க. அசையலன்னா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தோட மாவட்ட ஆபீஸுக்கும், தீயணைப்புத் துறைக்கும் புகார் அனுப்பலாம், உங்க பேரை வெளிய சொல்ல வேண்டாம்னு அதுலயே எழுதுங்க.

முதலாளி யாராவது இதைப் படிச்சா, அந்த கார்டு நேரக் கட்டுப்பாட்டை எடுக்க சாஃப்ட்வேர்ல அஞ்சு நிமிஷம்கூட ஆகாது, பச்சை பாக்ஸ் ஒண்ணு சில நூறு ரூபாய்தான். இன்னிக்கே போடச் சொல்லுங்க.