நீளமான ஆங்கிலச் சொல்லில் எந்த அசையை அழுத்துவது?

கேள்வி: மகள் தொடக்கநிலை 5. ஆங்கில வாய்மொழித் தேர்வுக்கு வாசிக்கும்போது நீளமான சொல் வந்தால் திணறுகிறாள். எல்லா அசைகளையும் ஒரே மாதிரி அழுத்துகிறாள் என்கிறார் ஆசிரியர். வீட்டில் எப்படிப் பழக்குவது?
- செங்காங் வாசகி

பதில்: எழுத்தைப் பார்த்துச் சொல்லை வெட்ட வேண்டாம், காதால் வெட்டுங்கள். ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. 'வெஜிடபிள்' எழுத்தில் நீளம். பேச்சில் வெஜ்-ட-பிள், மூன்றுதான். நம் யாப்போடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. 'மலர்' நமக்கு ஒரே நிரையசை, ஆங்கிலக் கணக்கில் ம-லர் என இரண்டு.

'ரெஸ்பான்சிபிலிட்டி'யில் ஆறு அசை. முன்னாலிருந்து படித்தால் பாதியில் தடுக்கும். பின்னாலிருந்து கட்டச் சொல்லுங்கள்: ட்டி, லிட்டி, பிலிட்டி, சிபிலிட்டி... அழுத்தம் விழும் 'பி' மூன்றாவது அடியிலேயே வாய்க்கு வந்துவிடும்.

அழுத்தம் எங்கே என்பதைப் பெரும்பாலும் சொல்லின் வால் காட்டிக்கொடுக்கும். 'ஷன்', 'இக்' என முடிந்தால் அதற்கு முந்தைய அசை: எஜுகேஷனில் 'கே', ஃபேன்டாஸ்டிக்கில் 'டாஸ்'. 'இட்டி', 'கிரஃபி', 'லஜி' என்றால் கடைசியிலிருந்து மூன்றாவது. எஞ்சினியர், ஜாப்பனீஸ் போன்றவற்றில் வாலே அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஃபோட்டோகிராஃபில் முதல் அசையிலும், ஃபொடாகிரஃபியில் இரண்டாவதிலும், ஃபோட்டோகிராஃபிக்கில் மூன்றாவதிலும் அழுத்தம் விழுகிறது. இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்ல வையுங்கள். விதியைவிட இது சீக்கிரம் பதியும். 'அராபிக்' போன்ற விலக்குகளை மனப்பாடம் செய்வதே வழி.

நம் பிள்ளைகள் சறுக்குவது அழுத்தமில்லாத அசைகளில்தான். தமிழில் குறிலையும் நெடிலையும் முழுசாக ஒலித்துப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்திலோ அழுத்தம் பெறாத உயிர் பெரும்பாலும் நம் குற்றியலுகரம்போல் குறுகி மங்கிவிடும். 'பனானா'வில் முதலும் கடைசியும் மங்கல், நடு 'னா' மட்டும் நீளம். அழுத்துவது என்றால் கத்துவது என்று நினைத்துவிடுகிறார்கள். குரல் சற்று உயர வேண்டும், அசையும் நீள வேண்டும். ஒரு ரப்பர் பேண்டை இரு விரல்களில் மாட்டி, அந்த அசையில் மட்டும் இழுக்கச் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்தால் அகராதியின் உச்சரிப்புக் குறியைப் பாருங்கள்: பெரும்பாலானவற்றில் மேலே நிற்கும் சிறு கோட்டுக்கு அடுத்த அசையே அழுத்தம்.

சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில், ஆங்கில வாய்மொழியின் 40 மதிப்பெண்ணில் வாசிப்புக்கு 15, உரையாடலுக்கு 25. ஆகவே நாளுக்கு ஐந்து சொல் போதும். பென்சிலால் அழுத்தக் கோடு போட்டு, அந்தச் சொல் வரும் வாக்கியத்தை முழுசாக வாசிக்கட்டும்.