ஒற்றைத் தலைவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையைத் தொடர்ந்து போடலாமா? பக்கவிளைவு வருமா?

வரும். நான் ஆறு வருடம் அப்படிப் போட்டவள்.

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். விடிவதற்குள் ஓட வேண்டும், காலைச் சாப்பாடு பத்து மணிக்கோ பதினொன்றுக்கோ, அதற்குள் வாசலில் கண்ணைக் கூசும் வெயில் வந்துவிடும். மூன்றும் சேர்ந்த நாளில் இடது நெற்றிப்பொட்டு தெறிக்கும், குமட்டும், லாரி ஹாரன் சத்தம் கேட்டாலே அழுகை வரும். வழியில் இருந்த மெடிக்கலில் "ஒத்தத் தலைவலிக்குக் குடுங்கண்ணா" என்றால் போதும், எதுவும் கேட்காமல் அட்டையில் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார். அந்தத் துண்டில் பெயரே பாதிதான் இருக்கும். உள்ளே என்ன மருந்து, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற எச்சரிக்கை, எல்லாம் வேறு யாருக்கோ போன துண்டில்.

மாத்திரை நன்றாகவே கேட்டது, அதுதான் வினை. மாதத்துக்கு இரண்டு என்பது வாரத்துக்கு இரண்டானது, அப்புறம் வலி வரும் போலிருக்கிறதே என்று தோன்றினாலே ஒன்று. ஒரு மார்கழியில் விரல் நுனியெல்லாம் வெளுத்து மரத்துப் போனது, நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. பனி என்று நினைத்து சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தேன். தருமபுரியில் பார்த்த டாக்டரம்மா தலையைத் தொடக்கூட இல்லை, "ஏம்மா, மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுற?" என்றுதான் முதலில் கேட்டார். எண்ணிப் பார்த்தால் பதினெட்டு நாள்.

நான் போட்டது எர்காட்டமின், காஃபின், பாராசிட்டமால், வாந்திக்குப் புரோகுளோர்பெராசின் நாலும் கலந்தது. எர்காட்டமின் ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து, தலையில் மட்டும் சுருக்கிவிட்டு நிற்காது, விரலையும் காலையும் சேர்த்துத்தான் சுருக்கும். (கம்பு விதைக்கிறவர்களுக்குத் தேன் ஒழுகல் நோய் தெரியும், அந்தப் பூஞ்சைக்குப் பங்காளி ஒன்று வெளிநாட்டில் ரை என்ற தானியத்தில் வரும், அதிலிருந்து கண்டுபிடித்த மருந்து இது.) கர்ப்பிணிகளும் இதய நோய், அடங்காத பிபி உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது. சளி, தொண்டைவலிக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் கூடச் சேர்ந்தால் கை கால் ரத்த ஓட்டமே நிற்கும் அளவுக்குப் போகலாம். புரோகுளோர்பெராசினால் தூக்கம் வரும், வண்டி ஓட்டக்கூடாது, சிலருக்குக் கழுத்தும் தாடையும் கோணிக்கொள்ளும்.

அதைவிட எனக்கு அதிர்ச்சி கொடுத்தது வேறு ஒன்று. மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். எர்காட்டமின், டிரிப்டான் (ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள இன்னொரு வகை மருந்து), காஃபின் கலந்த கூட்டு வலி மாத்திரை, இதில் எது ஒன்றானாலும் மாதத்தில் 10 நாள், வெறும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் என்றால் 15 நாள், இந்தக் கணக்கில் மூன்று மாதத்துக்கு மேல் போனால் வலி விடாமல் சுற்றிச் சுற்றி வரும். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதுதான் கணக்கு.

"நான் வெறும் பாராசிட்டமால்தான் போடுகிறேன்" என்பவர்களும் கொஞ்சம் கவனிக்கவும். நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், அதாவது 500 மில்லிகிராமில் எட்டு, குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் அதுவும் அதிகம். சளி மாத்திரையிலும் அதே பாராசிட்டமால்தான் ஒளிந்திருக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எல்லாம் வெறும் வயிற்றில் விழுந்தால் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், மலம் கறுப்பாகப் போனால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். காய்ச்சலோடு தலைவலி என்றால் டெங்குவாக இருக்கலாம், அப்போது இந்த மூன்றும் வேண்டாம், ரத்தக்கசிவை அதிகமாக்கும். பதினாறு வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. காகிதத்தில் மடித்துத் தரும் 'செட்டு மாத்திரை' பற்றி என்ன சொல்ல, என் மாமியார் மூட்டுவலிக்கு அதைத்தான் வாங்குவார், அதில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே சரியாகத் தெரியாது.

டாக்டரம்மா சொல்லி நிறுத்தினேன். முதல் எட்டு நாள் நரகம், காபியையும் குறைத்ததால் இன்னும் மோசம். தினமும் இரவில் போட புரோபிரனோலால் எழுதிக் கொடுத்தார், அது வலி வராமல் தடுக்க (ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது, அதனால் என் பெயரைச் சொல்லி மெடிக்கலில் கேட்காதீர்கள்). வலி ஆரம்பித்த உடனே போட வேறு ஒரு மாத்திரை, வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது.

திடீரென்று இடி விழுந்தது போல வரும் வலி, வாய் குழறுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, இதற்கெல்லாம் எந்த மாத்திரையும் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது மாத்திரை போட்ட நாளை மண்டிச் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையில் சுழித்து வைக்கிறேன், போன மாதம் நாலு சுழி. முதலாளி அதைச் சீட்டுப் பணம் கட்டும் தேதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.